ஊசி போட்டவன் படகு ஏறலாமா

6 ஜனவரி 2025, திங்கள்

வாடைக்காற்று. வடகடல் கலங்கிக் கிடக்கிறது. படகைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டியாச்சு. என் மனைவி மேரியின் தம்பி ஆன்டனி ராஜ் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு போய் வருகிறான். நான் கரையில்.

இந்த டைரி ஜோஸ்லின் கொடுத்தது. மதுரையில் அவள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தார்களாம். தினமும் எவ்வளவு தண்ணீர் குடித்தேன், ஒன்றுக்கு எப்படிப் போனது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். மகள் சொல்லிவிட்டால் ஆயிற்றா? எனக்குத் தோன்றுவதைத்தான் எழுதுவேன்.

நாளைக்கு மதுரை ஆஸ்பத்திரி. மூத்திரப் பையில் கட்டி. இரண்டாவது தடவை சுரண்டி எடுத்து அனுப்பியதற்கு ரிசல்ட் வந்திருக்கும். போன ஐப்பசியில் ஜோஸ்லின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வெள்ளை வெளேர் என்ற பீங்கானில் சிவப்பாகப் போனதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை மாதம் போனதோ. படகு விளிம்பில் நின்று கடலில் விடுகிறவனுக்கு நிறம் எங்கே தெரியப் போகிறது?

அன்றிலிருந்து மேரி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக் வாங்கி வைத்திருக்கிறாள். "இனிமே இதுலதான். நான் பார்த்த பொறவுதான் கொட்டணும்" என்று உத்தரவு. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இந்தக் கூத்து.

7 ஜனவரி

டாக்டர் பெயர் ஹாஃபிஸா. சின்னப் பெண். இந்த மாதிரி விஷயத்தைப் போய் இவளிடமா சொல்வது என்று முதல் தடவையே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. ஒளித்துப் பேசாத பிள்ளை.

பையில் இருப்பது இன்னும் மேலோட்டமாகத்தான் இருக்கிறதாம். ஆனால் திரும்பத் திரும்ப வருகிற ரகம். ஆறு வாரம் பைக்குள் மருந்து விடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்ப்பார்கள். எப்போதாவது ஆழமாக இறங்கிவிட்டது என்றால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பை மாட்டிவிடுவார்கள். அந்தப் பையை மாட்டிக்கொண்டு நான் எப்படி வலை இழுப்பேன்?

அதோடு விட்டார்களா? பக்கத்தில் ப்ராஸ்டேட்டிலும் ஒன்று இருக்கிறதாம். அதற்கு ஊசி போட்டே ஆக வேண்டும். அந்த ஊசி ஆண் ஹார்மோனை நிறுத்திவிடும்.

"அப்ப மூத்திரப் பைக்கு?" என்று மேரிதான் கேட்டாள்.

"பைக்கும் அந்த ஹார்மோனுக்கும் தொடர்பு இருக்குதும்மா. இந்த நோய் பொம்பளைங்க ஒருத்தருக்கு வந்தா ஆம்பளைங்க மூணு நாலு பேருக்கு வருது. பீடி, சிகரெட்தான் பெரிய காரணம். ஆனா அதைத் தொடாதவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் ஆம்பளைங்கதான் கூட. ஆண் ஹார்மோன் கட்டியைத் தூண்டுது, பெண் ஹார்மோன் கொஞ்சம் காவலா இருக்குன்னு நினைக்கிறோம். மாதவிலக்கு நின்னப்புறம் பொம்பளைங்களுக்கும் அந்தக் காவல் குறையுது."

"அப்ப இந்த ஊசி பைக்கும் கேக்குமா?" இது நான்.

"இந்த ஊசி போட்டவங்களுக்குப் பைக்கட்டி திரும்ப வர்றது குறைஞ்சிருக்குன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. சிலதுல அப்படித் தெரியலை. நான் சத்தியம் பண்ண மாட்டேன்யா. பைக்குன்னு தனியா யாருக்கும் இதைப் போடுறதும் இல்லை. உங்களுக்கு எப்படியும் ப்ராஸ்டேட்டுக்குப் போடணும். பைக்கும் உதவுனா நல்லதுதானே?"

போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். உடம்பில் அனல் அடிக்கும். சதை குறையும். எலும்பு தேயும். மனசு இளகும். ஆசை இருக்காது. கடைசியில் சொன்னதைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேரி அசரவில்லை. "அது கெடக்கட்டும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

8 ஜனவரி

யோசிக்கிறேன்.

9 ஜனவரி

இன்னும்.

12 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மேரி பிடித்துக்கொண்டாள்.

"என்னதான் முடிவு பண்ணீக?"

"மீசையெல்லாம் மெலிஞ்சு போகுமாம் புள்ள."

"அதுல என்ன கப்பலா கட்டி இழுக்கப் போறீக?"

"உனக்கு வெளாட்டு. ஆம்பளையாவே இல்லாமப் போயிருவேன்."

கருவாடு காயப்போடுகிற தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நீங்களே இல்லாமப் போயிட்டா நான் என்ன செய்ய?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

போட்டுக்கொள்கிறேன். முடிவு பண்ணியாச்சு. என் பை என் உடம்போடு இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வேன். பீடிக்கட்டை அடுப்பில் போட்டேன். எரிகிறபோது வந்த வாசனைகூட நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

20 ஜனவரி

ஊசி போட்டாச்சு. வயிற்றுச் சதையில். இனி மூன்று மாதத்துக்கு ஒன்று.

வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தங்கசாமி. நயினார்கோவில் பக்கம் மிளகாய் விவசாயம். அவருக்கு இது மூன்றாவது ஊசி. நான் கேட்காமலே விளக்கம் சொன்னார். "இது என்னன்டு நெனைச்சீக? பொம்பளை ஊசிண்ணே. பொம்பளைச் சத்தை உள்ள ஏத்தி ஆம்பளைச் சத்தை அடக்குறாக. எனக்கு இப்ப மருமகளைப் பார்த்தாக்கூட அழுகை வருது."

அந்த ஆள் சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து எனக்கு எடுத்த அதே டப்பாவை, எனக்கு அடுத்து வந்த ஒரு சின்னப் பொண்ணுக்கும் எடுத்தார். அதே நிறம், அதே எழுத்து. கர்ப்பப்பைக்காக வந்த பொண்ணு. என் கண்ணால் பார்த்தேன்.

மேரியிடம் சொல்லவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

கோயிலில் ஃபாதர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி மண்டைக்கு ஏறியது. சட்டை நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் "என்ன சந்தியாகு, சாமி எதும் எறங்குதா?" என்றான். எழுந்து வெளியே வந்து குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தேன். பெண்கள் பக்கமிருந்து மேரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தாளோ?

13 பிப்ரவரி

டிவியில் சோப்பு விளம்பரம். ஒரு குழந்தை சேற்றில் விழுந்து எழுகிறது. அழுதுவிட்டேன். சோப்புக்கு!

17 பிப்ரவரி

ஆன்டனி வந்தான். "டாக்டர் போகலாம்னு சொல்லிட்டாகள்ல மச்சான், எப்ப வாரீக?" முதுகுவலி என்றேன். பொய்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். எங்கள் கரையில் பெண்கள் படகில் கால் வைக்க மாட்டார்கள். விரித்த வலையைத் தாண்ட மாட்டார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கென்று வேறு படகுகள் உண்டு. மீன் பிடிக்கிற படகில் கிடையாது. ஏறினால் வலையில் மீன் படாது என்பார்கள். அய்யா காலத்திலிருந்து அப்படி. மேரி என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் 'சகாய மாதா' படகைத் தொட்டுக் கழுவியிருக்கிறாள், ஏறியதில்லை.

இப்போது என் உடம்புக்குள் பொம்பளைச் சத்து ஓடுகிறது. அனல் அடிக்கிறது, அழுகை வருகிறது, எல்லாம் அந்தத் தங்கசாமி சொன்ன மாதிரியே. நான் ஏறலாமா? யாரிடம் கேட்பது? ஃபாதரிடம் கேட்டால் சிரிப்பார். ஆன்டனியிடம் கேட்டால் பாம்பன் முழுக்கச் சிரிக்கும்.

ஏறாமல் இருந்துவிடுவது நல்லது. பிழைப்பு கெடக் கூடாது. ஊசியை மட்டும் விட மாட்டேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கரைக்குப் போனேன். படகைத் தள்ளிவிட்டேன், கையால் மட்டும். கால் வைக்கவில்லை. ஆன்டனி ஒரு மாதிரி பார்த்தான்.

பைக்குள் விடுகிற மருந்து போன வாரத்தோடு முடிந்தது. எரிச்சல் உயிர் போகிறது. நாளெல்லாம் மக்கும் கையுமாக இருக்கிறேன். பரவாயில்லை. எரியட்டும்.

9 மார்ச்

மாட்டிக்கொண்டேன். சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். எனக்குக் கோபம் ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் தள்ளிவிட்டு நானே அழுதேன். மேரி தட்டை எடுத்து வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "முதுகுவலின்னு ஊரை ஏமாத்துங்க. என்கிட்ட சொல்லுங்க. ஏன் படகு ஏற மாட்டேங்கீக?"

சொன்னேன். தங்கசாமி, குளிர்பெட்டி, அந்தப் பொண்ணு, எல்லாம்.

சிரித்தாள் பாருங்கள், கோழியெல்லாம் கலைந்து ஓடியது. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"அந்த அனல் எனக்கு நாலு வருஷமா அடிக்குது. கருவாட்டுக் களத்துல, வெயில்ல நிக்கும்போது, பூசையில முட்டி போட்டிருக்கும்போது. அதுக்காக நான் ஒரு நாளாவது சோலிக்குப் போகாம இருந்திருக்கேனா?"

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இல்லையென்றால் அவளே கேட்பாளாம். அதைவிட நானே கேட்பது மேல்.

இடுப்பில் ஈரத்துண்டு வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். அனல் கிளம்பும்போது பின்கழுத்தில் போட வேண்டும். கேட்கிறது.

22 ஏப்ரல்

ஈஸ்டர் முடிந்து மதுரை. குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

ஒரு சிவப்புத் திட்டு இருக்கிறது. கிள்ளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த நிலைமையிலும் மேரி விடவில்லை, தோளில் இடித்தாள். பொம்பளைச் சத்தைத்தான் ஏற்றுகிறீர்களா என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருய்யா சொன்னது? பெண் ஹார்மோன் எதையும் நாங்க ஏத்தலை. மூளையிலிருந்து 'சுரக்கட்டும்'னு ஒரு உத்தரவு வருது. அந்த உத்தரவைத்தான் இந்த ஊசி நிறுத்துது. ஆம்பளைக்குப் போட்டா ஆண் ஹார்மோன் நிக்கும். பொம்பளைக்குப் போட்டா பெண் ஹார்மோன் நிக்கும். அந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில கட்டி. அதுக்காகப் போட்டது."

"அப்ப நான் இப்ப யாரு டாக்டரம்மா?"

"சந்தியாகு. படகு ஓட்டுறவர். பீடியை விட்டவர். அப்படியே இருங்க."

மேரி கையை ஆட்டிச் சொன்னாள். "அப்ப இவுகளும் நானும் இப்ப ஒரே கணக்குத்தான். எனக்கும் நின்னு போச்சு, இவுகளுக்கும் நின்னு போச்சு." டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் ஒன்று இறங்கியது.

இரண்டாவது ஊசியும் போட்டாச்சு. தங்கசாமியைக் காணவில்லை. பார்த்தால் நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தேன்.

25 ஏப்ரல்

ரிசல்ட் வரவில்லை. அந்தத் திட்டு என்னவாக இருக்கும்? ஊசி போட்டும் வந்துவிட்டதா? பயமாத்தான் இருக்கு. யார்ட்டயும் சொல்லல. இங்கன எழுதுறேன் — பயமா இருக்கு.

30 ஏப்ரல்

போன் வந்தது. புற்று இல்லை. மருந்து பட்டதால் வந்த புண்தானாம். மேரி செபமாலையை எடுக்கப் போனாள். நான் கரைக்குப் போனேன்.

2 மே

ஏறினேன். 'சகாய மாதா'வில் கால் வைத்தபோது உடம்பே சிலிர்த்தது. ஆன்டனி, "முதுகு சரியாயிருச்சா?" என்றான். "எல்லாம் சரியாயிருச்சு."

ஒன்றும் சரியாகவில்லை. நங்கூரத்தைத் தூக்க முடியவில்லை. போன வருஷம் ஒரு கையால் எடுத்து எறிந்தவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்டனி வந்து ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

3 மே

டாக்டரம்மாவுக்கு ஜோஸ்லின் போன் போட்டுக் கேட்டாள். சதை குறையத்தான் செய்யும், பாரம் தூக்கித் தூக்கித்தான் காப்பாற்ற வேண்டும் என்றாளாம். சரி. அவ்வளவுதானே?

28 மே

தெருக்குழாயிலிருந்து தினமும் காலையில் நான்தான் தண்ணீர் எடுக்கிறேன். இரண்டு கையிலும் குடம். முதல் நாள் குழாயடியில் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று சிரித்தார்கள். "மேரியக்காவுக்குக் கொடுப்பினையைப் பாரு" என்றார்கள். இப்போது "ஏண்ணே, வரிசையில வாங்க" என்று அதட்டுகிறார்கள்.

19 ஜூன்

எங்கள் நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது; விசைப்படகுக்கான தடைக்காலம் முடிந்து அவையெல்லாம் இறங்கிவிட்டன. ஆன்டனி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். விசைப்படகில் கூப்பிடுகிறார்களாம். "பிள்ளைக காலேஜ் போறாக மச்சான். உங்க சோலியையும் சேத்து நான் ஒத்தையா இழுக்க முடியல." அவன் மேல் என்ன தப்பு? போய்ட்டு வாலே என்றேன். கூட வந்த ஆளும் அவனோடு போய்விட்டான்.

படகு கிடக்கிறது. ஆள் கேட்டுப் பார்த்தேன். சீக்காளியோடு போக யாரும் வரவில்லை.

22 ஜூலை

குழாய் விட்டுப் பார்த்தாச்சு. சுத்தம். திட்டும் இல்லை, கட்டியும் இல்லை. டாக்டரம்மா திரையைத் திருப்பி எனக்கே காட்டினாள். என் பையை நானே பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஊசியாலதானா?" என்று கேட்டேன்.

"பைக்குள்ள விட்ட மருந்தா, ஊசியா, நீங்க பீடியை விட்டதா, எனக்குத் தெரியாதுயா. எல்லாத்தையும் தொடருங்க. அக்டோபர்ல வாங்க." இவள் ஒரு நாளாவது ஆம் என்று சொல்லிவிடுவாளா என்று பார்க்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறாள். அதனால்தான் சுத்தம் என்று அவள் சொன்னதை நம்புகிறேன்.

மூன்றாவது ஊசி.

25 ஜூலை

தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் திருவிழா. என் பெயர்க்காரர். சப்பரம் வரும்போது ஆன்டனியைப் பார்த்தேன். தேரடிக் கூட்டத்தில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதுகுவலி பொய், இன்ன ஊசி, இன்ன காரணம் என்று. சிரிக்கிறதென்றால் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். "மீசை அப்படியேதான மச்சான் இருக்கு" என்றான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டான்.

15 ஆகஸ்ட், மாதா திருநாள்

மேரி புதுச்சேலை கட்டி, பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு வராமல் நேராகக் கரைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"ஆள் கிடைக்கலன்னுதான படகு கெடக்கு? நான் வாரேன்."

"நீயா? நம்ம கரையில அது வழக்கமில்ல புள்ள."

"எது வழக்கமில்ல? எனக்கும் உங்களுக்கும் ஒரே கணக்குன்னு அன்னைக்கே டாக்டரம்மா முன்னால சொன்னேன். நீங்க ஏறலாம்னா நானும் ஏறலாம். நான் ஏறக் கூடாதுன்னா நீங்களும் எறங்கி நில்லுங்க."

அவள் படகின் மூக்கில் வரைந்திருக்கிற படத்தைக் காட்டினாள். "இந்தா, பேரு மாதா பேரு. படம் மாதா படம். அவுகளும் பொம்பளைதான். உங்க அய்யா காலத்துலருந்து அவுக படகுலதான இருக்காக?"

பாசிக்குப் போகிறவள்போல் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு எல்லாம் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறாள். எத்தனை நாளாக யோசித்தாளோ. ஆன்டனிதான் வந்து குறுக்கே நின்றான். "அக்கா ஏறினா வலையில ஒண்ணும் படாது மச்சான்."

"ஏலே, நான் ஏறாம இருந்த காலத்துல உனக்கு என்னலே பட்டுச்சு?"

ஒதுங்கி வழிவிட்டான். திங்கட்கிழமை போகிறோம். நண்டு வலை. பாரம் கம்மி.

18 ஆகஸ்ட், திங்கள்

தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு வடகடல் தட்டையாகக் கிடந்தது. விடிகிற நேரத்தில் தள்ளினோம். கரையில் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மேரி ஒரு கையால் விளிம்பைப் பிடித்தாள், இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். ஏறினாள். ஏறியதும் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன்.

பாம்பன் பாலம் சின்னதாகத் தெரிகிற தூரம் போய் எஞ்சினை அணைத்தேன். முந்தாநாள் ஆன்டனி மனசு கேட்காமல் வந்து விரித்துக் கொடுத்துவிட்டுப் போன வலை. மிதவையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அனல் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் அவளும் முகம் சிவந்து கடல் தண்ணீரை அள்ளிக் கழுத்தில் விட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

எனக்கு ஒன்றுக்கு வந்தது. பழைய பழக்கத்தில் விளிம்புக்குப் போய் நின்றேன்.

"அங்கன எங்க போறீக?"

துணிப்பைக்குள்ளிருந்து வெள்ளை மக்கை எடுத்து நீட்டினாள். நடுக்கடலுக்கு அதையும் கொண்டுவந்திருக்கிறாள்! நான் திரும்பி நின்று போய்விட்டுக் கொடுத்தேன். வாங்கி, கிழக்கே வந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தண்ணி கெணக்கா தெளிஞ்சிருக்கு" என்றாள்.

கடலில் கொட்டி, மக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் எதிரே வந்து கயிற்றின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள்.

"ம். இழுங்க."

இழுத்தோம்.